முருகையில் முளைத்திருப்பது என்ன? வீட்டுக் கடல்தொட்டி வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்றுவரை இல்லாத ஏதோ ஒன்று முருகையின் (கோரலின்) அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளைப் புள்ளியாக இருக்கலாம், மண்ணிறக் கொப்புளமாக இருக்கலாம், நூல் தொங்கும் சின்னக் குழாயாக இருக்கலாம். "அண்ணை, இது என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற தம்பிமார் பலர், அடுத்த வரியிலேயே "சுரண்டி எடுத்துப்போட்டன்" என்றும் எழுதுகிறார்கள். முளைத்த பொருளைவிட அந்த அவசரம்தான் கூடுதலான முருகைகளைக் கெடுக்கிறது. தொட்டியில் புதிதாகத் தோன்றுவனவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. சில, சுரண்டினால் பெருகுபவை. மிகச் சிலதான் அன்றைக்கே கைவைக்க வேண்டியவை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீல லைற்றின் கீழே எல்லாமே வேறு நிறமாகத் தெரியும். அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, தொட்டால் என்ன செய்கிறது என்ற இரண்டும்தான் அதன் உண்மையான அடையாளம்.

கைவைக்கும் முன்: உங்கள் பாதுகாப்பு

ஸோவாந்திட், பலிதோவா என்ற, பொத்தான்போலக் கூட்டமாக வளரும் முருகை உறவினங்கள் யாழ்ப்பாணத்துத் தொட்டிகளிலும் சாதாரணமாக இருப்பவை. இவற்றில் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது பீச்சும் நீர் கண்ணிலோ தோல் காயத்திலோ பட்டால் போதும், ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, "கிருமி போகட்டும்" என்று கல்லைக் கொதிநீரில் போடுவது. நஞ்சு ஆவியோடு காற்றில் கலந்து, வீட்டிலுள்ள எல்லோரும் நோயாளியாகிய சம்பவங்கள் வெளிநாடுகளில் மருத்துவப் பதிவுகளாகவே உள்ளன. ஆகவே கல்லைக் கொதிக்க வைக்க வேண்டாம், சுடுநீரில் தேய்க்க வேண்டாம். நைட்ரைல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, காய்ச்சல், தசைநோவு, மூச்சு முட்டல், கண் எரிவு ஏதாவது வந்தால் வீட்டு மருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் போதனா வைத்தியசாலைக்குப் போய், கடல்தொட்டி வைத்திருப்பதையும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

படி 1: வடிவாகப் படம் எடுங்கள்

பம்பை நிறுத்துங்கள். நீல லைற்றைக் குறைத்து வெள்ளை லைற்றைக் கூட்டுங்கள். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டு, போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள், சரித்துப் பிடித்தால் படம் கலங்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு அடிமட்டத்தை ஒட்டிவைத்தால் அளவு விளங்கும். மூன்று படம் வேண்டும்: முழு முருகை, முளைத்த பொருள் மட்டும் கிட்டத்தில், அது முருகையோடு சேரும் எல்லை. மூன்றாவதுதான் முக்கியம், அதைத்தான் பலரும் எடுப்பதில்லை. அந்த எல்லையில் சதை ஒழுங்காக இருக்கிறதா, வெளிறிப் பின்வாங்குகிறதா, வெறும் எலும்பு தெரிகிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள்.

படி 2: அது முருகையின் சொந்த வளர்ச்சியா?

அன்னியப் பொருள் என்று நினைத்து முருகையின் சொந்தக் குழந்தையையே பிடுங்கி எறிந்துவிடுவது நடக்கிற காரியம். அக்ரோபோரா, மொன்டிபோரா போன்ற கல்முருகைகளின் நுனியும் விளிம்பும் வெளிறி இருந்தால், அது பெரும்பாலும் புது எலும்பு வளரும் இடம். யூஃபிலியா முருகையின் தண்டுப் பக்கத்தில் சின்ன மொட்டு ஒன்று விரலிகளோடு (இரை பிடிக்கும் மெல்லிய கைகளோடு) தோன்றினால், அது புதுத் தலை. செத்துவிட்டதாக நினைத்த ஃபுங்கியா என்ற தட்டு முருகையின் எலும்பின்மேல் காசு வடிவில் சின்னச் சின்னத் தட்டுகள் முளைத்தால், அவை குட்டிகள். அந்த எலும்பை எறியாமல் வைத்திருங்கள். கோனியோபோரா முருகையில் உருண்டையாகப் பிதுங்கி நிற்கும் மொட்டும் இப்படித்தான், தானே கழன்று கீழே விழுந்து புதுக் கூட்டமாகும்.

வாயிலிருந்தோ சதையின் கிழிசலிலிருந்தோ வெள்ளை நூல்கள் வெளிவந்தால் புழு என்று பயப்பட வேண்டாம். அவை முருகையின் சொந்தச் செரிமான இழைகள். பக்கத்து முருகையோடு சண்டை பிடிக்கும்போதும் காயப்படும்போதும் வெளியே விடும். இரவில் வழக்கத்தைவிடப் பல மடங்கு நீண்டு தெரியும் விரலிகள், பக்கத்து முருகையைச் சுட்டு விரட்டும் ஆயுதங்கள். இரண்டில் எதைக் கண்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடைவெளியைக் கூட்டுங்கள்.

சொந்த வளர்ச்சியை அடையாளம் காணக் கண்ணைப் பழக்க எங்களுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கிட்டவே இருக்கிறது. நெடுந்தீவின் வேலிகளும் பழைய மதில்களும் முருகைக்கற்களால் அடுக்கப்பட்டவை. ஒரு மதிலருகே குனிந்து பார்த்தால், ஒவ்வொரு கல்லிலும் பொலிப் (முருகையைக் கட்டும் சின்ன உயிரி) அமர்ந்திருந்த குழிகள் ஒழுங்கான கோலத்தில் தெரியும். சிலவற்றில் குழிக்குள்ளே நட்சத்திர விரிசலாகச் சுவர்கள், சிலவற்றில் மூளை மடிப்பாக நீண்ட பள்ளங்கள். அந்தக் கோலத்தை மனதில் வைத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்புங்கள். முளைத்த பொருளிலும் அதே கோலம் தொடர்ந்தால் அது முருகைதான். கோலம் முறிந்தால் வேறொன்று. கோலம் இருந்தும் குழிகள் குறைந்து, நிறம் வெளிறி, மற்றப் பக்கத்தைவிட வேகமாகப் பிதுங்கினால், அது எலும்பு வளர்ச்சிக் கோளாறு. அதைச் சுற்றிலும் நல்ல பகுதியில் சிறிது சேர்த்து வெட்டி எடுத்துவிடுவது நல்லது.

படி 3: எதன்மேல் இருக்கிறது?

உயிருள்ள முருகைச் சதையின்மேல் எதுவும் இலகுவில் குடியேறாது. சளி சுரக்கும், நுண்மயிர் அசையும், சுடும். அதனால் பாசியோ கடற்பஞ்சோ முருகையின்மேல் இருப்பதாகத் தெரிந்தால், வடிவாகப் பாருங்கள்: பெரும்பாலும் அது ஏற்கெனவே செத்துப்போன திட்டில்தான் இருக்கும். சதை முதலில் போனது, குடியேற்றம் பிறகு வந்தது. அந்த நேரம் பாசியைத் துடைப்பது பயனில்லை. சதை ஏன் போனது என்று தேட வேண்டும்: உவர்ப்பு, வெப்பம், பக்கத்து முருகை, கூடிய லைற், விழுந்த மண். மாறாக, உயிருள்ள சதையின்மேலேயே நகரும் புள்ளியோ ஒட்டிய தட்டோ கண்டால், அங்கே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஊதிப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள்

பாமசியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றும், அதன் வாயில் மாட்டக் காற்றுப் பம்பின் மெல்லிய குழாய் ஒரு துண்டும் போதும். தொட்டி நீரையே இழுத்து, மெதுவாக அந்தப் பொருளின்மேல் ஊதுங்கள். சட்டென்று உள்ளே சுருங்கினால் அது அனிமோன் அல்லது குழாய்ப்புழு. ஆறுதலாக வாயை மூடினால் டியூனிகேட் என்ற பை வடிவ உயிரி. ஏடாக உரிந்து பறந்தால் சயனோபற்றீரியா (பாசிபோலப் படரும் பற்றீரியா). தூசாகக் கலைந்தால் டயற்றம் என்ற நுண்பாசியின் படலம். அசையவே இல்லையென்றால் கடற்பஞ்சு, முட்டை, சுண்ணாம்புப் பாசி என்று யோசியுங்கள்.

அடுத்து, நன்றாகக் கழுவிய தென்னோலை ஈர்க்கு ஒன்றின் மொட்டை நுனியால் மெல்லத் தொடுங்கள். கல்லாக இருக்கிறதா, றப்பராக இருக்கிறதா, சளியாக ஒட்டுகிறதா? சுண்ணாம்புக் குழாய்க்கும் தோல் குழாய்க்கும் வித்தியாசம் இந்த ஒரு தொடுகையில் தெரிந்துவிடும், எந்தப் படத்திலும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

படி 5: இரவில் ஒரு முறை

லைற் அணைந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து, ரோச் லைற்றின்மேல் சிவப்புத் தாளைக் கட்டிப் பாருங்கள். பல உயிரிகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைப்பதில்லை, ஓடி ஒளியாது. பகலில் குற்றவாளியாகத் தெரிந்த பொருள் சும்மா இருப்பதும், பகலில் கண்ணுக்கே படாத ஒன்று முருகையைத் தின்பதும் இந்த நேரத்தில்தான் தெரியும். முள்மயிர்ப் புழுக்களைக் கண்டு பதற வேண்டாம். அவை பெரும்பாலும் செத்ததைத் தின்று துப்புரவு செய்பவை. செத்துக்கொண்டிருக்கும் முருகையில் அவை கூடியிருப்பதைக் கண்டு பழியை அவற்றின்மேல் போடுகிறார்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முள் தைக்கும்.

சுருங்கி ஒளிப்பவை

அய்ப்டேசியா என்ற கண்ணாடி அனிமோன்தான் இவற்றில் முதலாவது. ஊடுதெரியும் மண்ணிற உடல், நீண்டு கூரான விரலிகள், ஊதினால் கண்சிமிட்டும் நேரத்தில் துளைக்குள் மறைவு. இதைச் சுரண்டக் கூடாது, நசுக்கக் கூடாது. அடிப்பாதத்தின் ஒரு துணுக்கு கல்லில் மிஞ்சினாலும் அதிலிருந்து புது உயிரி வளரும். இதன் உறவான மஜானோவுக்கு விரலிகள் குட்டை, நுனி உருண்டு தடித்திருக்கும், பச்சை நிறம் கலந்து அழகாகவும் இருக்கும். அழகைப் பார்த்து விட்டுவைத்தால் பிறகு கல்லையே மாற்ற வேண்டி வரும்.

இரண்டுக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசை வேலை செய்யும். வேதியியலில் வெற்றிலைச் சுண்ணாம்பும் அதுதான். ஆனால் கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறு கலப்புகள் இருக்கலாம், அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தூய தூளை வாங்கி, ஆர்.ஓ. நீரில் (சவ்வு வடிகட்டியால் உப்பு நீக்கிய நீரில்) பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்தி, அனிமோன் விரிந்திருக்கும்போதே வாயை மூடும்படி சிரிஞ்சால் விடுங்கள். கால் மணித்தியாலம் கழித்துப் பம்பைப் போடலாம். இது நீரின் பி.எச். அளவை ஏற்றும், அதனால் ஒரு நாளைக்குச் சிலவற்றுக்கு மேல் செய்ய வேண்டாம். கண்ணில் பட்டால் சுடும், கண்ணாடி அவசியம். பெப்பர்மின்ற் இறால் சின்ன அய்ப்டேசியாக்களைத் தின்னும். பேர்கியா என்ற கடல்நத்தை அய்ப்டேசியாவை மட்டுமே தின்னும், ஆனால் இங்கே கிடைப்பது அரிது.

தண்டில் நிற்கும் சின்னப் பூக்கள் கல்லில் வலையாக இணைந்திருந்தால் அனிமோனின் சின்ன உறவான ஹைட்ரொயிட்டாக இருக்கலாம். பக்கத்து முருகைச் சதை அதைத் தொடும் இடத்தில் வெறுமையாகியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது: சுடுகிறது. கல்லைச் சிறு துண்டாக உடைத்து வெளியே எடுப்பதே சுருக்கமான வழி. விசிறி விரிக்கும் குழாய்ப்புழுக்கள் தீங்கில்லாதவை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் சுருண்ட வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடியிலும் பம்பிலும் நிறைந்திருந்தால், அவையும் ஒரு சின்னக் குழாய்ப்புழு இனம்தான். விட்டுவிடுங்கள்.

குழாய்க்குள் இருந்து வலை வீசுபவை

விசிறி இல்லாத கடினமான சுண்ணாம்புக் குழாய், அதன் வாயிலிருந்து சிலந்தி நூலாகச் சளி. இது வெர்மெட்டிட் நத்தை. தீனி போட்ட சில நிமிடங்களில் பார்த்தால், நூல்கள் முருகையின்மேல் படர்ந்து, பிறகு மெதுவாகக் குழாய்க்குள் இழுபடுவது தெரியும். நூல் படும் இடத்தில் பொலிப்புகள் விரிவதை நிறுத்தும். இதைச் சின்ன விடயமாக எடுக்க வேண்டாம். பிரெஞ்சு பொலினீசியாவின் மூரியாத் தீவில் செய்து 2010 இல் வெளியான ஆய்வில், பெரிய வெர்மெட்டிட்டுகள் இருந்த இடத்தில் சில முருகை இனங்களின் வளர்ச்சி 81 சதவீதம் வரை குறைந்திருந்தது. எங்கள் தொட்டிகளில் வருபவை அதைவிடச் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் கூடியவை.

குழாயை அடியோடு ஒடித்து, துளையின்மேல் ஜெல் வடிவச் சுப்பர் குளூ ஒரு துளி வையுங்கள். கல்லை வெளியே எடுக்க முடியாவிட்டால் நீருக்குள்ளேயே வைக்கலாம், அது நீரில் இறுகும். குழாயை உடைத்துவிட்டு அடைக்காமல் விட்டால் நத்தை உள்ளேயே இருந்து திரும்பக் கட்டும். தூள் தீனியைக் குறைத்தால் புதியவை வருவது குறையும்.

சதையோடு ஒட்டிய தட்டையானவை

என் அனுபவத்தில் மிகவும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுபவை இவைதான். முருகையின் நிறத்திலேயே இருப்பதால் கண் ஏமாறுகிறது. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவை நேராகக் காண்பதைவிட, அது விட்டுச்சென்ற அடையாளத்தைக் காண்பது இலகு: கிளையில் சின்ன வட்டமான வெளிறிய கடித்தடங்கள், நிழல் பக்கத்து அடித்தண்டின் வெறும் எலும்பில் மண்ணிற முட்டைத் திட்டுகள். மொன்டிபோராவின் விளிம்பு அடிப்பக்கத்திலிருந்து வெண்மையாகப் பின்வாங்கினால், தட்டைத் திருப்பி அடியில் சில மில்லிமீற்றர் அளவான வெள்ளைக் கடல்நத்தைகளைத் தேடுங்கள். ஸோவாந்திட்டின் சில தலைகள் மட்டும் நாட்கணக்கில் மூடியே இருந்தால், அவற்றைத் தின்னும் கடல்நத்தை அருகில் இருக்கலாம். அது தின்ற ஸோவாந்திட்டின் நிறத்தையே தன் உடலில் ஏற்றிக்கொள்ளும், முதுகிலுள்ள நீட்சிகள் ஸோவாந்திட் விரலிகளாகவே தெரியும்.

துருநிறத்தில் பின்னால் வால் பிரிந்த சின்னப் புழுக்கள் மண்ணிலும் கண்ணாடியிலும் கூட்டமாக இருந்தால், அவை முருகையைத் தின்பதில்லை, மூடி வெளிச்சத்தை மறைக்கும். மருந்து போடுமுன் முடிந்தளவு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஒரேயடியாகச் செத்தால் அவற்றின் நஞ்சு மீன்களைக் கொல்லும். கரித்தூள் வடிகட்டியை முன்கூட்டியே ஆயத்தமாக வையுங்கள்.

அசையாதவை

அன்னாசி வடிவில் நுனியில் மயிர்க் கிரீடம் உள்ள வெள்ளைக் குடுவை, சைக்கன் கடற்பஞ்சு. நல்லது. இரண்டு துளையுள்ள ஊடுதெரியும் பை, டியூனிகேட். அதுவும் நல்லது. ஊதா, இளஞ்சிவப்புக் கடினப் படலம், கொரலைன் பாசி. கண்ணாடியில் எள்ளளவு வெள்ளைப் புள்ளிகள், நத்தை முட்டை. இவை எதற்கும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: முருகை எலும்புக்குள்ளிருந்து மஞ்சள் அல்லது செம்மஞ்சள் புள்ளிகளாக எட்டிப்பார்க்கும் துளைக்கும் கடற்பஞ்சு. இது எலும்பை உள்ளிருந்து அரிக்கும். நல்ல கிளையை வெட்டிக் காப்பாற்றுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

பாசியும் சளியும், அவற்றுக்குப் பின்னாலுள்ள எங்கள் தண்ணீரும்

பச்சைக் குமிழ்கள் வலோனியா. ஒவ்வொன்றும் ஒரே கலம். கல்லை வெளியே எடுத்து, குமிழை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுங்கள். செந்நிற ஏடு சயனோபற்றீரியா. மண்ணிறச் சளியில் குமிழ்கள் சிக்கி, இரவில் குறைந்து பகலில் திரும்பினால் டைனோஃபிளாஜெலேற் என்ற ஒருகல நுண்ணுயிராக இருக்கலாம். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் அவை சுழன்று நீந்துவது தெரியும். இதைப் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் மற்றப் பாசிகள் நைட்ரேட், பொஸ்பேட் கூடும்போது வரும், இது பெரும்பாலும் இரண்டும் பூச்சியமாகும்போது வருகிறது. தவறாக அடையாளம் கண்டால் வைத்தியமே நோயை வளர்க்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நீரை எடுப்பவை. நீர் கடினம். வலிகாமத்தில் தோட்டப் பசளை கீழிறங்குவதால் பல கிணறுகளில் நைட்ரேட், குடிநீருக்கான எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவது ஆய்வுகளில் பலமுறை கண்ட விடயம். அந்த நீரால் ஆவியிழப்பை ஈடுசெய்தால், ஒவ்வொரு நாளும் பாசிக்கு உரம் போடுவதற்குச் சமம். ஆர்.ஓ. நீர் இல்லாமல் முருகைத் தொட்டியைத் தொடங்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கடல்நீர் அள்ளுகிறவர்கள் நீரேரிப் பக்கம் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் உவர்ப்பு இறங்கிவிடும். திறந்த கடல் உள்ள வடகரையில், மழையற்ற நாளில் எடுத்து, உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீற்றர் என்ற உவர்ப்பு அளக்கும் கருவியில் பார்த்த பிறகே பாவியுங்கள். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசில் நிற்கட்டும். சித்திரை வெயிலில் சிறு தொட்டி 30ஐத் தாண்டுவது சுலபம், நீர்மட்டத்தின்மேல் ஒரு விசிறி ஓடினால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

அன்றைக்கே கைவைக்க வேண்டியது

யூஃபிலியாவின் ஒரு தலையில் மண்ணிறக் கூழ் திரண்டு, அழுகல் மணம் வந்து, சதை கழன்று மிதந்தால் அது பிரவுண் ஜெலி என்ற நோய். சில மணித்தியாலத்தில் அடுத்த தலைக்குப் போகும். படம், ஒப்பீடு எல்லாம் பிறகு. பம்பை நிறுத்தி, கூழ் கலையாமல் குழாயால் உறிஞ்சி, முருகையை வெளியே எடுத்து, பாதித்த தலையை வெட்டி, மிச்சத்துக்கு அயடீன் டிப் கொடுத்து, அதாவது மருந்து கலந்த நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, தனித் தொட்டியில் வையுங்கள்.

டிப் கொடுக்கும் முறை

ஒரு வெள்ளைத் தட்டமும் மூன்று பாத்திரமும் எடுங்கள். மூன்றிலும் தொட்டி நீர், ஒரே வெப்பம். முதலாவதில் டிப் மருந்து போத்தலில் சொன்ன அளவுக்கு, சொன்ன நேரத்துக்கு மட்டும். சிரிஞ்சால் முருகையின் அடியையும் இடுக்குகளையும் தொடர்ந்து ஊதுங்கள், ஒட்டியிருந்தவை கழன்று விழும். அந்த நீரை வெள்ளைத் தட்டத்தில் ஊற்றிப் பார்த்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த புழு அங்கே நெளியும். மற்ற இரண்டு பாத்திரத்திலும் அலசி எடுங்கள். டிப் முட்டைகளைக் கொல்லாது. முட்டைத் திட்டைச் சுரண்டியோ, மேலே சுப்பர் குளூ பூசியோ மூடி, டிப்பை வாரத்துக்கு ஒரு முறையாகச் சில வாரம் தொடர வேண்டும். புதிதாக வாங்கும் எந்த முருகையும் இதைத் தாண்டித்தான் தொட்டிக்குள் போக வேண்டும்.

வாங்குவதும் அகற்றுவதும்

இலங்கையில் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கடலிலிருந்து உயிருள்ள முருகையையோ கல்லையோ பெயர்க்கக் கூடாது. பன்னாட்டு வணிகத்திலும் அவை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பு 2 இல் உள்ளவை. தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டுகளையே, எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். அடையாளம் காண முடியாமல் போனால், மூன்று படங்களோடு உவர்ப்பு, வெப்பம், நைட்ரேட், பொஸ்பேட், ஆல்கலினிட்டி (காரத்தன்மை) அளவுகளையும் சேர்த்து அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

எடுத்த அய்ப்டேசியாவையோ பாசியையோ நீரேரியிலோ கடலிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். வேறு கடலிலிருந்து வந்த உயிரி எங்கள் கடலில் பரவ ஒரு துணுக்குப் போதும். குளோரின் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பலிதோவா இருந்த கல்லை இப்படிச் செய்யும்போது திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். மாற்றிய உப்புநீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். இந்த மண்ணின் கீழே உள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே அது நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும்.